தையல் குறி

அருமைநாயகத்தின் தொண்டையில் தையல்காரன் இருக்கிறான் என்று தெரிந்த அன்று, எப்சிபாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. காத்திருக்கும் கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், "உங்க வீட்டுக்காரருக்குத் தையக்காரன் உண்டா, இல்லையா?" என்று கேட்டபோது, துணி தைக்கிற ஆளைத்தான் விசாரிக்கிறாள் என்று நினைத்துவிட்டாள். டாக்டர் ரஹ்மத் நிஷாவின் அறைக்குள் போய் உட்கார்ந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"கதிர் படும்போது கட்டியோட செல்லுக்குள்ள ஒரு இழை அறுந்துபோகும். அறுந்தா அந்தச் செல் செத்துடும். கதிர் சிகிச்சைன்னா அவ்வளவுதான்" என்றார் டாக்டர். "ஆனா சிலரோட கட்டியில ஒரு புரதம் அளவுக்கு மேல இருக்கும். நாம அறுக்க அறுக்க அது தைச்சுக்கிட்டே வரும். வெளியில உட்கார்ந்திருக்கிறவங்க அதைத்தான் தையக்காரன்னு சொல்றாங்க. நாங்க தையல் குறின்னு எழுதுவோம். சாருக்கு அந்தக் குறி பலமா இருக்கு."

"முன்னாடியெல்லாம் இதை எப்படிக் கண்டுபிடிப்பிய?" என்று கேட்டார் நாயகம். அந்தக் கேள்வியைக் கேட்கவே இரண்டு தடவை தொண்டையைச் செருமினார். சில மாதங்களாகவே அவர் குரலில் மணல் விழுந்திருந்தது.

"கண்டுபிடிக்க மாட்டோம் சார். எல்லாருக்கும் கதிர் கொடுத்துட்டுக் காத்திருப்போம். சிலருக்குக் கட்டி கரையும், சிலருக்குக் கரையாது. கரையலைன்னு தெரியும்போது நேரம் கடந்திருக்கும். இப்ப ஒரு துணுக்குச் சதை போதும், முதல்லயே தெரிஞ்சுடுது."

"நல்லதுதானே?"

"நல்லதுதான்" என்றார் டாக்டர். அந்தச் சொல்லில் நல்லது எதுவும் இல்லை என்பது எப்சிபாவின் காதில் பட்டது.

குறி உள்ளவர்களுக்கு அரசு மருத்துவமனைகளில் கதிர் எந்திரத்தை ஒதுக்குவதில்லை. பயன் இல்லாத இடத்தில் எதற்கு என்று விதி வந்துவிட்டது. அவர்களை நேராக ஆபரேஷனுக்கு அனுப்பிவிடுவார்கள். குரல்வளையை எடுத்துவிட்டுக் கழுத்தில் மூச்சுக்கு ஒரு துளை வைப்பார்கள். உயிர் நிற்கும், குரல் நிற்காது. காத்திருக்கும் கூடத்தில் குறி உள்ளவர்கள் ஒரு பக்கமாகவும் இல்லாதவர்கள் ஒரு பக்கமாகவும் உட்கார்ந்திருந்தார்கள். அப்படி உட்காரச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. ஒரு பக்கம் பேச்சும், டிபன் பாத்திரம் திறக்கிற சத்தமும் கேட்டது. மறுபக்கம் ஒன்றும் கேட்கவில்லை.

"இன்னொரு வழி இருக்கு" என்றார் டாக்டர். "தையக்காரன் கையைக் கட்டிப் போடுற மருந்து ஒண்ணு புதுசா வந்திருக்கு. அதைக் கொடுத்துக்கிட்டே கதிர் கொடுத்தா கட்டி கரையுது. குரலும் தப்பிக்கும்."

"பெறகு என்ன?" என்றார் நாயகம்.

"அந்தப் புரதம் கட்டியில மட்டும் இல்லையே சார், உடம்பு பூரா இருக்கு. மருந்து எல்லா இடத்துலயும் அதோட கையைக் கட்டிடும். மத்த இடத்துல உடம்பு புதுசா செல் செஞ்சுக்கும். காதுக்குள்ள இருக்கிறது மட்டும் பிறக்கும்போது வந்தது. அது போனா வேற வராது. தைச்சுத் தைச்சுத்தான் இத்தனை வருஷம் ஓடியிருக்கு. காது போயிடும். அரைகுறையா இல்ல, முழுசா. நரம்பே போயிடுறதால உள்ள கருவி வச்சும் பிரயோசனம் இல்ல. அதாவது, குரல் வேணும்னா காதைக் கொடுக்கணும். காது வேணும்னா குரலைக் கொடுக்கணும்." பிறகு எப்சிபாவின் பக்கம் திரும்பிச் சொன்னார்: "வேற குடும்பமா இருந்தா இதைச் சொல்ல நான் இவ்வளவு கஷ்டப்பட மாட்டேன்மா."

எப்சிபாவுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. பாளையங்கோட்டையில் பெண்கள் பள்ளி ஒன்றில் சரித்திரம் நடத்துகிறாள். நாயகம் அரசு பஸ் டிரைவர். கல்லூரிக்குப் போகிற காலத்தில் அவர் ஓட்டுகிற வண்டியில்தான் அவள் ஏறுவாள். பஸ்ஸில் நிறுத்தம் சொல்கிற எந்திரம் அடிக்கடி கெட்டுப்போகும். அப்போதெல்லாம் டிரைவர் சீட்டிலிருந்து ஒரு குரல், ஊருக்கே சொல்வது மாதிரி, நிறுத்தத்தின் பெயரைச் சொல்லும். பிற்பாடு எந்திரம் நன்றாக இருந்த நாட்களிலும் அது சொல்ல ஆரம்பித்தது. கனமான குரல் இல்லை, பாடுகிற குரலும் இல்லை. கொஞ்சம் மூக்கடைத்த, அவசரமே இல்லாத குரல். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவருடைய முகத்தை விரலால் எத்தனையோ தடவை தடவிப் பார்த்திருக்கிறாள். ஆனாலும் நாயகம் என்று நினைத்தால் அவளுக்கு வருவது அந்தக் குரல்தான். வீட்டுக்குள் அவர் எங்கே இருக்கிறார், என்ன மனநிலையில் இருக்கிறார், சொல்வது நிஜமா விளையாட்டா, எல்லாம் அதில் இருந்தது.

முடிவு சொல்ல ஒரு வாரம் அவகாசம் கொடுத்தார்கள்.

காத்திருக்கும் கூடத்தில் தையல்காரனைப் பற்றிக் கேட்ட பெண்ணின் பெயர் லீலாவதி. அவள் கணவர் உவரியில் மீன் ஏலம் விட்டவர். அவருக்கு ஆபரேஷன் முடிந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. பரிசோதனைக்கு வந்திருந்தார்கள். கழுத்தில் மாட்டிய சின்னப் பெட்டி அவருக்காகப் பேசியது. உதட்டசைவைப் படித்து, முன்பே பதிந்து வைத்த அவருடைய சொந்தக் குரலில் அது சொல்லும். எப்சிபா அவரிடம் நலம் விசாரித்தாள். ஒரு சின்ன இடைவெளி. பிறகு கம்பீரமான குரல் ஒன்று, "நல்லா இருக்கேன் டீச்சர், தண்ணி குடிக்கத்தான் கொஞ்சம் சிரமம்" என்றது. நல்ல குரல். எந்தக் குறையும் சொல்ல முடியாது.

"உங்களுக்கு இது பழகிட்டா?" என்று எப்சிபா மெதுவாக லீலாவதியிடம் கேட்டாள்.

"பழகிட்டு" என்றாள் லீலாவதி. "இப்ப வீட்டுல சண்டையே கிடையாது. நான் கத்துவேன், அந்தப் பெட்டி யோசிச்சு, பொறுமையா பதில் சொல்லும். அதுக்குக் கத்தத் தெரியாது. அவுக கண்ணுல கோவம் இருக்கும், பெட்டி மரியாதையாப் பேசும். நான் கண்ணைப் பாத்துச் சமாளிச்சுக்கிடுதேன்." பேச்சு அங்கே நின்றது. யாரிடம் சொல்கிறோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். எப்சிபாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எதற்கும் இருக்கட்டும் என்று மருத்துவமனையில் நாயகத்தின் குரலையும் பதிந்துகொண்டார்கள். பழைய அலைபேசிப் பேச்சுகளை எல்லாம் வாங்கிச் சேர்த்து, மணல் விழுவதற்கு முந்தைய குரலை எடுத்தார்கள். மறுநாள் அந்தக் குரல் எப்சிபாவிடம் பேசியது. "எப்சி, சாப்பிட்டாச்சா?"

அவர்தான். ஆனால் அவர் பொய் சொல்வதற்கு முன்னால் ஒரு துளி மூச்சை உள்ளே இழுப்பார். சிரிப்பை அடக்கினால் சொல்லின் வால் தேயும். சொல் மட்டும் வந்தது, வாலும் மூச்சும் வரவில்லை. அவள் காதிலிருந்து கருவியைக் கழற்றிக் கொடுத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள்தான் பேச்சை எடுத்தாள்.

"ஆபரேஷன் பண்ணிக்கிடுங்க."

"ஏன்?"

"காது போனா வண்டியை எப்படி ஓட்டுவிய? லைசென்ஸைப் புடுங்கிருவாவ. சர்ச்சுல பாட்டு கேக்க முடியாது. கிரிக்கெட் கேக்க முடியாது."

"வண்டி போட்டும்."

"நான் பேசுறது கேக்காது."

நாயகத்தின் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அந்த எழுத்துக் கண்ணாடி தாராங்கல்லா? நீ பேசுறது அதுல எழுத்தா ஓடும். நான் வாசிச்சுக்கிடுதேன். உன் மூஞ்சி எனக்குத் தெரியும், எப்சி. உன்னைப் பாத்துக்கிட்டிருப்பேன். நான் குரல் இல்லாம நின்னா உனக்கு நான் எங்க இருப்பேன்?"

"பெட்டி இருக்கே."

"இன்னைக்கு அதைக் கேட்டுட்டு உன் மூஞ்சி போன போக்கை நான் பாத்தேன்."

அவள் இன்னொரு தடவை வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அழுத்தமாகச் சொல்லியிருந்தால் அவர் கேட்டிருப்பார், கல்யாணமான நாளிலிருந்து அவர் கேட்காமல் இருந்ததில்லை. அந்தச் சொல் அவள் வாய்வரை வந்தது. அந்தக் குரல் இல்லாத வீட்டை நினைத்தாள். சொல்லவில்லை.

மருந்தும் கதிரும் ஒன்றாக ஆரம்பித்தன. முகத்தோடு ஒட்டிய ஒரு வலைமூடியைப் போட்டு மேசையோடு சேர்த்து இறுக்கிவிடுவார்கள், அசையக் கூடாது என்பார்கள். எப்சிபா கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எந்திரத்தின் ரீங்காரத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள். அது நிற்கும்போது மனதுக்குள், ஒரு இழையாவது அறுந்திருக்கும், தைக்க ஆள் இல்லை என்று சொல்லிக்கொள்வாள். தொண்டை வெந்து, கஞ்சி இறங்கவே அவர் பாடுபட்டார். அதைப் பற்றி ஒரு வார்த்தை முனகவில்லை.

காது ஒரேயடியாகப் போகவில்லை. முதலில் போனது குக்கர் விசில். பிறகு அணில் சத்தம். "அணிலெல்லாம் எங்க போச்சு?" என்று அவர் கேட்டபோது ஜன்னலுக்கு வெளியே இரண்டு அணில்கள் கத்திக்கொண்டிருந்தன. மெல்லிய ஓசைகள்தான் முதலில் போகும் என்று நர்ஸ் சொன்னாள். அப்படியானால் ஆண்குரலுக்கு முன்னால் பெண்குரல் போகும், லாரிக்கு முன்னால் மனைவி போவாள். எப்சிபா இதை எதிர்பார்க்கவில்லை. தெருவில் போகிற லாரியின் உறுமல் கேட்கிறது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்த நாட்களிலேயே, அவள் பேச்சை அவள் வாய்க்குப் பக்கத்தில் காதை வைத்துத்தான் கேட்க முடிந்தது.

ஒரு மத்தியானம் அவர் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"ஏதாவது பேசு எப்சி. இனிமே ரொம்ப நாள் தாங்காதுன்னு தோணுது."

"என்ன பேச? பாட்டுப் பாடட்டுமா?"

"பாட்டெல்லாம் வேண்டாம். என்னைத் திட்டு. உன் குரல் அதுலதான் ரொம்ப நல்லா இருக்கும்."

அவள் திட்டினாள். ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவதற்குத் திட்டினாள். தங்கச்சி கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரத்துக்குக் காணாமல் போனதற்குத் திட்டினாள். எத்தனை தடவை சொல்லியும் தொண்டை வலியை ஜலதோஷம் என்று சொல்லித் தட்டிக் கழித்ததற்குத் திட்டினாள். அந்த இடத்தில் குரல் உடைந்து நின்றுவிட்டது.

"முடிச்சுட்டியா?" என்று கேட்டார்.

"இல்ல."

"என்ன?"

அவள் அவர் காதில் வாயை வைத்து, "இல்ல" என்றாள்.

"அப்ப திட்டு."

சில நாள் கழித்து ஒருநாள் அவள் கூப்பிட்டும் அவரிடமிருந்து பதில் வரவில்லை. அடுப்படியில் நின்று இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டாள். பிறகு குழாயைத் திறந்து பாத்திரம் கழுவினாள்.

கட்டி கரைந்துவிட்டது. குரலில் இருந்த மணலும் போய்விட்டது. அந்த முதல் மாதங்கள் எப்சிபாவுக்கு விருந்து மாதிரி இருந்தன. அவர் பழையபடி பேசினார். காய்கறிக்காரர் புதுச் சட்டை போட்டிருப்பதைச் சொன்னார், டெப்போவில் நண்பர்களைப் பார்த்துவிட்டு வந்து கதை சொன்னார். அவள் பேசியதெல்லாம் கண்ணாடியில் எழுத்தாக ஓடியது. ஆனால் அந்தக் கண்ணாடிக்குத் திருநெல்வேலிப் பேச்சு புரியவில்லை. "வாரேன்" என்றால் வாரம் என்று காட்டியது. "சொல்லுதேன்" என்றால் ஏதோ ஊர்ப் பெயரைக் காட்டியது. அதனால் அவள் வீட்டிலும் வகுப்புத் தமிழில் பேச ஆரம்பித்தாள். "சற்றுப் பொறுங்கள், வருகிறேன்." "குழம்பில் உப்பு போதுமா?" கட்டின புருஷனிடம் இப்படிப் பேச அவளுக்கே கூச்சமாக இருந்தது.

"உன்னைக் கட்டினேனா, பாடப்புத்தகத்தைக் கட்டினேனா?" என்று அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். சிரிப்பைக் கண்ணாடி எழுதிக் காட்டாது. ஆனால் அவர் முகம் பார்த்தாரே.

முதலில் மாறியது அளவு. சர்ச்சில் எல்லாரும் மௌனமாக ஜெபிக்கும்போது அவர் அவளிடம் ரகசியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு சத்தமாகப் பேசிவிட்டார். முன் வரிசையில் யாரோ திரும்பினார்கள். அவள் அவர் மணிக்கட்டை அழுத்தினாள். அதிலிருந்து அது பழக்கமாகிவிட்டது. அழுத்தினால் குறைப்பார்.

ஆனால் அளவு மட்டும் மாறவில்லை. ஆவணி மாதத்துக்குப் பிறகு சொற்களின் ஓரங்கள் மழுங்க ஆரம்பித்தன. ழகரமும் ரகரமும் தடித்தன. எல்லா வாக்கியமும் ஒரே உயரத்தில் போய் ஒரே உயரத்தில் நின்றது. ஒருநாள் பக்கத்து வீட்டு மாமரத்தை வெட்டிவிட்டார்கள் என்று சொன்னார். அவள் அன்று முழுக்க அந்த மரத்துக்காக வருத்தப்பட்டாள். சாயங்காலம் கொடியில் துணி எடுக்கும்போது மாவிலை அவள் தோளில் உரசியது. காலையில் அவர் விளையாட்டுக்குச் சொல்லியிருக்கிறார். அவளுக்குத் தெரியவில்லை. துணியைத் தோளில் போட்டபடி அங்கேயே நின்றுவிட்டாள்.

அடுத்த பரிசோதனைக்குப் போனபோது, அவரை ஸ்கேனுக்குக் கூட்டிப் போன நேரத்தில், எப்சிபா டாக்டரிடம் கேட்டாள்.

"அவுக குரல் மாறுது டாக்டர். கட்டி திரும்ப வருதா?"

"இல்லம்மா. தொண்டை சுத்தமா இருக்கு." டாக்டர் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நாம பேசுறதை நம்ம காதுதான் திருத்திக்கிட்டே இருக்கும். காது இல்லேன்னா குரல் கொஞ்சம் கொஞ்சமா வழி தவறிப் போகும். பயிற்சி கொடுத்தா மெதுவாக்கலாம். நிறுத்த முடியாது."

"அன்னைக்கு நீங்க சொல்லலையே."

"சொல்லல" என்றார் டாக்டர். "மருந்து வந்தப்ப கட்டி போச்சா, உயிர் நின்னுச்சா, காது எவ்வளவு போச்சுன்னு எல்லாத்தையும் அளந்தாங்க. வீட்டுக்குள்ள குரல் எப்படி இருக்குன்னு யாரும் அளக்கல. மத்தவங்களுக்கு முகம் இருக்கு, அதனால பெரிசாத் தெரியல. உங்களுக்கு அது எவ்வளவு பெரிசுன்னு நான் யோசிச்சிருக்கணும்."

"ஆபரேஷன் செஞ்சிருந்தா?"

"பெட்டியில பழைய குரல் கடைசி வரைக்கும் அப்படியே இருந்திருக்கும். அவருக்குக் காதும் இருந்திருக்கும்." பிறகு சொன்னார்: "அந்தப் பதிவு இன்னும் எங்ககிட்ட இருக்கும்மா. கேக்கணுமா?"

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். தலை ஆடிவிட்டது.

"எப்சி, சாப்பிட்டாச்சா?"

மூச்சு இல்லை, வால் இல்லை என்று அன்று கழற்றிக் கொடுத்த அதே குரல். இன்று அதில் ஒரு குறையும் அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. மூக்கடைத்த, அவசரமில்லாத, அவளுடைய நாயகத்தின் குரல். இன்னொரு தடவை போடச் சொன்னாள். அப்புறம் இன்னொரு தடவை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போறீங்களா? என்ன கேட்டாலும் பதில் சொல்லும்."

"வேண்டாம்."

"அழிச்சிரட்டுமா?"

"அழிக்கவும் வேண்டாம்" என்றாள் எப்சிபா.

ஊருக்குத் திரும்பப் பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நாயகம் வண்டிகளைப் பார்ப்பதற்காக வேண்டுமென்றே இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டார். அவர் முட்டி அவள் முட்டியில் பட்டுக்கொண்டிருந்தது.

"டாக்டர்கிட்ட என்ன அவ்வளவு நேரம் பேச்சு?" என்றார். தடித்த, தட்டையான, உரத்த குரல். "என் குரல் அப்படியேதானே இருக்கு?"

அவள் வகுப்புத் தமிழில் ஆமாம் என்று சொன்னால் போதும். கண்ணாடி அதை எழுதிக்காட்டிவிடும். எழுத்தில் நடுக்கம் தெரியாது. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னால் முகமும் காட்டிக்கொடுக்காது.

அவள் முகத்தை அவர் பக்கம் திருப்பினாள்.

"இல்ல. மாறிட்டு."

முட்டி அசையவில்லை. ஒரு பஸ் கிளம்பிப் போனது.

"எப்ப இருந்து?"

"ஆவணிக்குப் பெறகு."

"ரொம்பவா?"

"ரொம்ப."

அவர் மூச்சு நீளமாக வெளியே போவது கேட்டது. அவருடைய கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். "நான் வேண்டாம்னு சொல்லிருக்கணும். சொல்லல. எனக்கு அந்தக் குரல் வேணும்னு ஆசை. இப்பவும் ஆசைதான். எந்நேரமும் அது இருக்கு" என்றாள். பேச்சுத் தமிழிலேயே சொன்னாள், கண்ணாடி என்னத்தைக் காட்டினாலும் காட்டட்டும் என்று.

அவர் கேட்டார்: "இப்ப யாரு மாதிரி இருக்கேன்?"

"யாரு மாதிரியும் இல்ல. தெரியாத ஆளு மாதிரி."

"நல்ல ஆளா?"

"இன்னும் தெரியல" என்றாள் எப்சிபா. "பேசுங்க. கேக்குதேன்."

அவர் பேச ஆரம்பித்தார். ஸ்கேன் அறையில் ஒரு கிழவர் செருப்பைக் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்த கதையைச் சொன்னார். சத்தமாகத்தான் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ எழுந்து தள்ளிப் போனார்கள். அவர் மணிக்கட்டு அவள் கையில்தான் இருந்தது. அவள் அழுத்தவில்லை.